போன் அடிக்கக் கூடாது

மே 27, செவ்வாய்

இன்றைக்கும் உலகம்மாள்தான். காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது போனில் எங்கள் குழுவில் சொகரா ஒரு விடுகதை போட்டாள். "ஊரெல்லாம் கூடவே சுற்றுவான், வீடு வந்ததும் வாசலோடு நின்றுவிடுவான், அவன் யார்?" கையைத் துடைத்துவிட்டு யோசிக்கலாம் என்று அடுப்பைத் தணித்தேன். அதற்குள் உலகம்மாளிடமிருந்து பதில் வந்துவிட்டது. செருப்பு. அதற்குக் கீழே, வழக்கம்போல, "வேற இருந்தா போடு."

இந்த "வேற இருந்தா போடு"தான் எனக்கு ஆகாது. கண்டுபிடித்தால் கண்டுபிடித்துவிட்டுப் போகட்டும். ஏதோ கடைக்காரனிடம் வேறு புடவை எடுத்துப் போடச் சொல்வதுபோல் என்ன ஒரு மிடுக்கு.

குழுவின் பெயர் மண்டைக்குடைச்சல். பெயர் வைத்தது நான். ஆள் மூன்றே பேர். நான், சொகரா, உலகம்மாள். பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து வெளியூர் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுத்தே வயதைக் கழித்தவர்கள். அழைப்பு வராத நேரத்தில் தூங்கி விழாமலிருக்க விடுகதை போடுவோம். வேலை முடிந்துவிட்டது, எக்ஸ்சேஞ்சும் போய்விட்டது, இது மட்டும் விடவில்லை. அன்றைக்கும் அவள்தான் முதலில் சொல்வாள்.

மோட்டார் மறுபடியும் தண்ணீர் ஏற்றவில்லை. வீட்டுக்காரர் ஆள் கூப்பிட்டிருக்கிறாராம். நேற்றும் கூப்பிட்டிருந்தார்.

மே 29, வியாழன்

நாலு தேங்காய், ஒன்று மட்டும் எடை வேறு, கூடவா குறைவா தெரியாது, இரண்டே தடவை தராசில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இது நான் போட்டது. உலகம்மாள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். சொகரா மத்தியானம் வரை முழித்துவிட்டு "விட்டேன்" என்று போட்டாள்.

சொகரா முன்னெல்லாம் இப்படி ஒழுங்காக இருந்தவள் இல்லை. கேள்வி வந்த உடனே போன் அடிப்பாள். "ஏட்டி புஷ்பம், ஒரே ஒரு க்ளூ குடு, நா யார்ட்டயும் சொல்ல மாட்டேன்." எனக்கு அடித்து முடித்ததும் உலகம்மாளுக்கு அடிப்பாள். இரண்டு பேரிடமும் பாதி பாதி வாங்கி, தானே கண்டுபிடித்ததுபோல் குழுவில் போடுவாள். அதனால் நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். கேள்வி போட்டாகிவிட்டால், எல்லாரும் பதில் சொல்லும் வரைக்கும், அல்லது "விட்டேன்" என்று ஒப்புக்கொள்ளும் வரைக்கும், யாரும் யாருக்கும் போன் அடிக்கக் கூடாது. பேசாமல் இருப்பவள் யோசிக்கிறாள் என்று அர்த்தம். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது.

உலகம்மாள் அதற்கு உடனே கை தூக்கினாள். சொகராதான் முணுமுணுத்தாள். "எக்ஸ்சேஞ்சுல இருந்த பொம்பளைய, போன் அடிக்கக் கூடாதுன்னு ரூல் போடுதிய. வெளங்கும்."

ஜூன் 1, ஞாயிறு

உலகம்மாள் வீட்டுக்குப் போய் வந்தேன். பெருமாள்புரத்தில் அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆள். அவள் வீட்டுக்காரர் தவறியதிலிருந்து மகன் நாயகம் ஓசூருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். "அங்க போயி யார்ட்டட்டி விடுகத போட? பக்கத்து வீட்டுக்காரி கன்னடத்துல முழிப்பா" என்கிறாள். யோசிக்க வேண்டியிருந்தால் வீட்டுக்குள்ளேயே முன்வாசலிலிருந்து அடுப்படி வரை நடப்பாளாம். நடந்தால் விடை காலுக்கு வந்துவிடுமாம். பேச்சைப் பார்.

கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தலை கொஞ்சம் கிறுகிறுக்கிறது என்றாள். பிரஷர் மாத்திரை தீர்ந்து இரண்டு மூன்று நாளாகிறதாம், வாங்க வேண்டும் என்றாள். வாங்கு என்றேன்.

வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. இந்தத் தடவை அவள் நடந்து நடந்து காலே தேய்ந்துவிடும்.

ஜூன் 3, செவ்வாய், காலை

போட்டுவிட்டேன்.

"பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆண்கள். 'வாங்க மாமா' என்றான் ஒருவன். 'வாரேன் மாமா' என்றான் மற்றவன். மரியாதைக்குச் சொன்னதில்லை. இவனுக்கு அவன் மாமனார், அவனுக்கு இவன் மாமனார். இரண்டும் உண்மை. எப்படி?"

சொகரா ஒரு முழிக்கும் முகத்தைப் போட்டிருக்கிறாள். உலகம்மாளிடமிருந்து சத்தமே இல்லை.

மத்தியானம்

இன்னும் இல்லை. சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கும்போதும் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். என்றைக்குமில்லாமல் வீட்டுக்காரருக்கு ஒரு அப்பளம் கூடுதலாகப் பொரித்துக் கொடுத்தேன். "என்ன இன்னைக்கு?" என்றார். "ஒண்ணுமில்லை" என்றேன்.

சந்தோஷம் தாங்கவில்லை, அதை ஒளிப்பானேன். குழுவில் "என்ன அம்மணி, மூளை சூடாகிவிட்டதா?" என்று போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நானே நத்தைப் படம் ஒன்று போட்டேன். அப்புறம் தூங்கும் பூனை.

சாயங்காலம்

செய்தியை அழுத்திப் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று காட்டும். சொகரா படித்திருக்கிறாள். உலகம்மாள் பெயர் அதில் இல்லை. கள்ளி. குழுவுக்குள் வந்தால் தெரிந்துவிடும் என்று, திரையின் மேலே செய்தி வந்து நிற்கும்போதே வாசித்துவிட்டு, படிக்காததுபோல் நடந்துகொண்டிருப்பாள். எனக்குத் தெரியாதா அவளை.

சொகரா எனக்குப் போன் அடித்தாள். அதுவே சட்டமீறல். "ஏட்டி, அவ இப்பிடி இருக்கவ இல்லையே. ஒரு தடவ அடிச்சுப் பாக்கட்டா?" என்றாள். "அடிக்காத. அடிச்சா 'சொகரா வந்து கெடுத்துட்டா, இல்லைனா சொல்லியிருப்பேன்'ம்பா. அவ வாயால விட்டேன்னு வரட்டும்" என்றேன். "நா வேணா கேள்வியப் பத்தியே பேசல. கத்திரிக்கா வெல கேக்கேன்" என்றாள். சிரித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

படுக்கப்போகும் முன் கடைசியாக ஒன்று போட்டேன். "தோல்வியை ஒப்புக்கொள்வதும் ஒரு அழகு."

ஜூன் 4, புதன்

சொகரா காலையில் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்துப் பெருமாள்புரம் போயிருக்கிறாள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். உடைத்துத்தான் திறந்தார்களாம்.

முன்வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் கிடந்தாளாம். உயிர் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே விடவில்லை. ஓசூரிலிருந்து நாயகம் வந்துவிட்டான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு போய்விட்டது.

டாக்டர் நாயகத்திடம் கேட்டார். "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" அவனுக்கு என்ன தெரியும். திங்கள்கிழமை இரவு பேசினானாம். செவ்வாய்க்கிழமை காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதைப் பக்கத்து வீட்டம்மா பார்த்திருக்கிறாள், அதற்குப் பிறகு வெளியே பார்க்கவே இல்லையாம். "அப்போ காலையிலேயே விழுந்திருக்காங்க. முதல் சில மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா ஒரு ஊசி இருக்கு, போட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

நாயகம் எங்களைப் பார்த்தான். "அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் அம்மாட்டப் பேசலியா அத்தை? தெனமும் குரூப்ல கெடப்பியளே." நான் வாயைத் திறப்பதற்குள் சொகரா சொன்னாள். "நாங்க அன்னைக்குப் பேசாம இருந்துட்டோம் நாயகம். எங்க கெட்ட நேரம்."

நாங்க என்றாள்.

யார்தான் நினைத்தார்கள். அன்றைக்கு வெயில் வேறு கூடுதல். மாத்திரையை நேரத்துக்கு வாங்கிப் போட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. நான் ஞாயிற்றுக்கிழமையே வாங்கச் சொன்னேன்.

ஜூன் 7, சனி

மோட்டார் சரியாகிவிட்டது. தொட்டி நிரம்பி வழிந்து பின்பக்கம் முழுக்கத் தண்ணீர். நான் சுவிட்ச் போட்டதை மறந்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். பார்த்தேன்.

வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. தலையை யாரோ இரண்டு பின்னலாகப் பின்னிவிட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கண் விரிந்தது. என்னமோ பெரிதாகச் சொல்ல ஆரம்பித்தாள். வந்தது ஒரே சொல்தான். "அப்போ." மறுபடி முயன்றாள். "அப்போ, அப்போ." தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவளுக்கே தெரிகிறது. தலையை ஆட்டிக்கொண்டு இடது கையால் கட்டிலை அடித்தாள்.

தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்போ. வலித்தாலும் அப்போ. நாயகத்தைக் கூப்பிடுவதும் அப்போ. எழுதிக் காட்டுவாளா என்று பேனா கொடுத்துப் பார்த்தார்களாம். இடது கையால் ஒரு கோடு இழுத்தாளாம், அவ்வளவுதான். கை வராததால் இல்லை, எழுத்தும் அதே இடத்தில்தான் அடைபட்டிருக்கிறதாம்.

எக்ஸ்சேஞ்சில் திருநெல்வேலி ஜில்லாவின் பாதி நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்தவள். நான் டைரக்டரியைப் புரட்டுவதற்குள் அவள் லைன் கொடுத்திருப்பாள். அழுகை வந்தது. அவள் முன்னால் அழக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் பாத்ரூமில் போய் அழுதேன்.

ஜூன் 12, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். சின்ன வயது, பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். சீப்பு, பூட்டு, குடை. இது என்ன அம்மா?

சீப்பைப் பார்த்ததும் உலகம்மாள் இடது கையால் தலை வாருவதுபோல் செய்து காட்டினாள். என்னவென்று தெரிகிறது. சொல்லத்தான் வரவில்லை. வாயைக் குவித்தாள், விரித்தாள், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "அப்போ." அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது ஆன்ட்டி. எவ்வளவு நேரமானாலும் பேசாம இருங்க. அவங்களுக்கே வரணும்" என்றாள்.

பேசாமல் இருந்தேன். என்னால் முடிந்தவரை இருந்தேன். பூட்டுக்கும் வரவில்லை. குடைக்கு அவள் மேலே கையைக் காட்டி, மழைபோல் விரல்களை இறக்கி, முதலில் அந்தப் பெண்ணையும் அப்புறம் என்னையும் பார்த்தாள். என் வாய் தானாகக் "குடை" என்று சொல்லிவிட்டது.

என்னை வெளியே வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். இந்த வயதில், பேசினேன் என்று வகுப்புக்கு வெளியே.

ஜூன் 14, சனி

சொகராவுக்கு ஒரு யோசனை. வாயால் சொல்ல வராவிட்டால் என்ன, தலையாட்டத் தெரியுமே. "எல்லாருக்கும் எடம் கொடுப்பான், தான் மட்டும் நின்னுக்கிட்டே இருப்பான். கட்டிலா, பஸ்ஸா, நாற்காலியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கட்டிலுக்கு இல்லை. பஸ்ஸுக்கு இல்லை. நாற்காலி என்றதும் உலகம்மாள் தலையை ஆட்டி, இறங்கிய வாயோடு சிரித்தாள். சொகரா அடுத்ததைப் போட்டாள், அதற்கடுத்ததைப் போட்டாள். ஒன்றில்கூட அவள் தப்பவில்லை.

நாயகம் சந்தோஷப்பட்டான். நர்ஸ்கூட வந்து நின்று பார்த்தாள். எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது. ஒன்றும் அழியவில்லை. நினைவும் அப்படியேதான் இருக்கும்.

நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவலி.

ஜூன் 15, ஞாயிறு

போகவில்லை. தேங்காய் பறிக்க ஆள் வந்திருந்தான்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்கு உலகம்மாள் புதிதாக ஒன்று செய்கிறாள். இடது கையின் ஒரு விரலை மேலே தூக்குகிறாள், இறக்குகிறாள். மறுபடி தூக்குகிறாள். இப்படி நாலைந்து தடவை, நடுவில் இடைவெளி விட்டு. அப்புறம் கையைக் காதில் வைக்கிறாள். அப்புறம் விரித்து, இல்லை என்று ஆட்டுகிறாள். விரல், விரல், விரல். காது. இல்லை.

எல்லாரும் வரிசையாகக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். "காது வலிக்காம்மா?" இல்லை. "ஒண்ணு ரெண்டுன்னு எதையோ எண்ணுதியா? மாத்திரையா?" இல்லை. "தோடு எங்கன்னு கேக்கியா? பத்திரமா இருக்கு." இல்லை. "போனா? யாருக்காவது போன் போடணுமா?" போன் என்றதும் வேகமாகத் தலையாட்டினாள். நாயகம் தன் போனை எடுத்து, யாருக்கு, யாருக்கு என்று பெயர்களை வாசித்தான். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. கடைசியில் அவளுக்கே சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாயகம் என்னிடம் கேட்டான். "அத்தை, நீங்கதான் இதுல கெட்டிக்காரி. ஏதாவது புரியுதா?"

புரியவில்லை என்றேன். எனக்குப் புரியவில்லை. இங்கேயும் அதையே எழுதுகிறேன், எனக்குப் புரியவில்லை.

ஜூன் 18, புதன்

இன்றைக்கும் அதேதான். டாக்டருக்குச் செய்து காட்டினாள், நர்ஸுக்குச் செய்து காட்டினாள், தரை துடைக்க வந்தவளுக்கும் செய்து காட்டினாள். விரல், விரல், காது, இல்லை. யாருக்கும் விளங்காதபோது முதலில் மாதிரி கட்டிலை அடிப்பதில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

நாயகம் அவளை ஓசூருக்குக் கூட்டிப்போக முடிவு செய்துவிட்டான். அங்கே நல்ல பயிற்சி இருக்கிறதாம். திங்கள்கிழமை வண்டி.

பஸ் ஸ்டாப்பில் சொகராவிடம் கேட்டேன். "உனக்கு அவ சொல்லுதது வெளங்குதா?" சொகரா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளங்காம என்ன புஷ்பம்" என்றாள். "பின்ன ஏன் நீ சொல்லல?" "நா சொன்னா அது வேற மாதிரி ஆயிரும். நீ சொல்லு." அவள் பஸ் வந்துவிட்டது. ஏறிப்போய்விட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம். அன்றைக்கிலிருந்து என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

ஜூன் 19, வியாழன்

மாமனார் கேள்விக்கு விடை இதுதான். இரண்டு பேருமே பெண்டாட்டி செத்தவர்கள், இரண்டு பேருக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கிறது. இவன் மகளை அவன் கட்டிக்கொண்டான், அவன் மகளை இவன் கட்டிக்கொண்டான். அவ்வளவுதான். உலகம்மாளுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. முன்வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகும் முன்னால் சொல்லியிருப்பாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சாயங்காலம் வரை யோசிக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், நம்ப ஆசையாக இருந்ததால்.

அவள் கேள்வியைப் படிக்கவே இல்லை. நான் போட்டபோதே விழுந்துகிடந்திருக்கிறாள்.

ஜூன் 21, சனி

நாயகம் டிஸ்சார்ஜ் விஷயமாகக் கீழே போயிருந்தான். சொகரா வரவில்லை, வேண்டுமென்றேதான் வரவில்லை என்று நினைக்கிறேன். நானும் உலகம்மாளும் மட்டும்.

என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். விரலைத் தூக்கினாள், இறக்கினாள். நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுதுட்டி. நீ கீழ கெடக்கும்போது போன்ல டிங்கு டிங்குன்னு சத்தம் வந்துட்டே இருந்துச்சு. அதானே?"

என் கைக்குள் அவள் விரல் ஆடாமல் நின்றது.

"டிங்குன்னு வந்துச்சு, ஆனா யாரும் போன் அடிக்கல. மணி அடிச்சு நீ எடுக்கலைன்னா யாராவது வந்திருப்பாங்க. அடிக்கவே இல்ல. அதத்தானே கேக்க?"

தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் சொல்ல வந்ததை ஒருவர் முழுசாகப் புரிந்துகொண்டது இப்போதுதான். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"டிங்கு டிங்குன்னு போட்டது நான்தான்" என்றேன். "ஒன்ன கேலி பண்ணிப் போட்டேன். சொகரா ஒனக்கு அடிக்கணும்னா. நான்தான் அடிக்காதன்னு சொன்னேன். நீ தோத்துட்டன்னு நெனச்சேன். ஒரு நாளாவது நீ தோக்கணும்னு எனக்கு அவ்ளோ ஆச."

சந்தோஷம் மெல்ல மெல்ல வடிந்தது. எல்லாம் புரிகிறது அவளுக்கு, ஒரு வார்த்தை விடாமல். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலது பக்கம் புரள முடியாததால் முகத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது. கழுத்தை அப்படி ஒடித்து வைத்துக்கொண்டு கிடந்தாள். நான் என்ன செய்ய. எழுந்து போகவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை. போர்வையை இழுத்துவிட்டேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவள் இடது கை என் பக்கம் வந்தது. என் மடியிலிருந்த போனை எடுத்தாள். தூக்கிப் போட்டு உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன், உடைத்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினாள். முகம் இன்னும் சுவர்ப் பக்கம்தான்.

"இனிமே அடிக்கணுமா?"

தலையாட்டினாள்.

"ஒன்னால பேச முடியாதேட்டி."

அதற்கும் தலையாட்டினாள்.

ஜூன் 23, திங்கள்

வண்டியில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனார்கள். சொகரா தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பை நிறையப் பனங்கற்கண்டு வைத்தாள். கதவைச் சாத்தும்போது உலகம்மாள் எங்களைப் பார்த்து "அப்போ" என்றாள். அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் அந்தச் சொல் பொருத்தமாக இருந்தது.

நாயகத்துக்கு எதுவும் தெரியாது. அவளாலும் சொல்ல முடியாது. நானாவது சொல்லியிருக்கலாம், வண்டி கிளம்புகிற அவசரத்தில் எப்படிச் சொல்வது.

ஜூன் 25, புதன்

அடித்தேன். நாயகம் எடுத்து அவள் காதில் வைத்தான். உலகம்மாள் என்றேன். மூச்சுச் சத்தம் கேட்டது. தேங்காய் இந்தத் தடவை சிறுத்துவிட்டது என்றேன். மோட்டார் ஓடுகிறது என்றேன். ஆயுள் முழுக்க ஊராரைப் பேசவைத்தவள், எனக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

அடித்தேன். இங்கே மழை இல்லை, காற்று மட்டும். அதைச் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

சொகரா குழுவில் ஒரு விடுகதை போட்டிருக்கிறாள். எனக்கு விடை தெரிந்தது. போடவில்லை. சாயங்காலம் அவளே அதை எடுத்துவிட்டாள்.

அடித்தேன். "அம்மா தூங்குதாங்க அத்தை" என்றான் நாயகம். இன்றைக்குப் பூட்டு என்று சொன்னாளாம். பூட்டைக் காட்டியபோது இல்லை, சாப்பாட்டைக் காட்டியபோது. அதுவும் ஒரு முன்னேற்றம்தான் என்று சொன்னார்களாம்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் அடித்தேன், எடுக்கவில்லை. நாயகம் குளித்துக்கொண்டிருப்பான் என்று சட்னி அரைத்தேன். மறுபடி அடித்தேன். மணி முழுசாக அடித்து நின்றது. எக்ஸ்சேஞ்சில் இப்படி ஒரு நம்பர் எடுக்கவில்லை என்றால் அழைப்பு எழுதும் டிக்கெட்டில் நோ ரிப்ளை என்று குறித்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவோம். எத்தனை பேருக்கு அப்படிக் குறித்திருப்பேன். மறுமுனையில் என்ன நடக்கிறது என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை.

மறுபடி அடித்தேன். சொகராவைக் கூப்பிட்டு அவளையும் அடிக்கச் சொன்னேன். அவளுக்கும் எடுக்கவில்லை. நாயகம் பெண்டாட்டி நம்பர் என்னிடம் இல்லை. ஓசூரில் கதவைத் தட்ட எனக்கு யாரைத் தெரியும். வீட்டுக்காரர், "ஒனக்கு என்ன பைத்தியமா, கீழ வை" என்றார். வைக்கவில்லை. காலை சட்னியும் இட்லியும் அப்படியே இருந்தன. மத்தியானத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அடித்தேன், வாசலில் நின்று அடித்தேன், சும்மா அடித்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு நாயகமே கூப்பிட்டான். "அம்மாவப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம் அத்தை. போன் வீட்லயே கெடந்துட்டு. என்ன இது, இத்தன தடவ அடிச்சிருக்கிய? ஏதும் அவசரமா?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

"அம்மாட்டக் காட்டினேன். ஸ்கிரீன் பூரா ஒங்க பேராத்தான் இருந்துச்சு. கைல வாங்கித் தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. பாத்துட்டு..." அவன் முடிக்கவில்லை. பின்னால் அவள் சத்தம் கேட்டது. போனை அவள் காதில் வைத்துவிட்டான் என்று நினைக்கிறேன், சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது.

உலகம்மாள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூச்சு ஏறுகிறது, விட்டு விட்டு உடைகிறது, மறுபடி ஏறுகிறது. இந்த நோய் வந்தவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வரும் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். உலகம்மாளைக் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. நாயகத்தைக் கேட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

கேட்கவில்லை. அவள் ஓயும் வரைக்கும் போனை வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.